பால் வழிந்தால் அடுப்பு என்ன செய்யும்?

நீங்கள் மூன்று தமிழ்ப் பிள்ளைகள், நான் வேலை செய்த ஒடாஹுஹு காஸ் அடுப்புக் கடையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று, பின்முற்றத்தில் சிலிண்டர் நிரப்புகிறவள் தொலைபேசியில் சொன்னாள். "மூண்டு பேரும் நல்லாக் கதைக்கினம், சிஸ்டர். ஆறு வருசமா நீ கதைக்காமல் விட்டதையும் சேர்த்துக் கதைக்கினம்" என்றாள். அவள் தொங்காத் தீவுக்காரி. பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அவள் சொன்னவை எல்லாம் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சாகத்தான் எனக்குள் தங்கியிருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

நேரில் வந்து உங்களோடு பேசலாம். கூச்சம் விடவில்லை. முழங்கால் காரணமாக வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. கூச்சம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. எழுத்தில் என்றால் என் முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

குழாயை எப்படிப் பொருத்துவது, சவர்க்காரத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பது எப்படி என்பதை எல்லாம் அவள் காட்டித்தருவாள். நான் சொல்லவருவது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பிழை விட்ட கதை.

தொண்ணூற்று மூன்றில் நான் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது. ஊரில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலம் வாசிப்பேன், பேச வராது. வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு அடுப்புகளைத் தூக்கிக் காட்டி எது நல்லது என்று கேட்டால், பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை விரலால் தொட்டுக் காட்டுவேன். அவர்கள் தாங்களே வாசித்துத் தாங்களே முடிவெடுத்து, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இப்படியே பல மாதங்கள் ஓடின.

ஆனால் ஒன்று. இந்த மனிதர்கள் என்ன சமைக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பேராசை. சனிக்கிழமைகளில் றக்பி பார்க்கப் போகிறவர்கள் மைதானத்து வெளியில் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, ஆட்டத்துக்கு முன்னால் சமைத்துச் சாப்பிடுவார்கள். கோடையில் கூடாரத்தோடு வடக்கே போகிறவர்கள் வருவார்கள். மீன்பிடிக்காரர் வருவார்கள். அவர்கள் கையில் இருக்கும் மளிகைப் பைகளை எட்டிப் பார்த்து, இவர் வெங்காயமும் சொசேஜும், இவர் கோழிக்கால், இவர் வெறும் தேத்தண்ணீர் என்று மனதுக்குள் ஊகித்துக்கொள்வேன். கேட்பதற்கு வாய் வராது.

என் வாயைத் திறந்துவிட்டவள் அந்தச் சிலிண்டர்காரிதான். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், ஆள் என்னைப்போல் இரண்டு மடங்கு. ஒரு நாள் தேவாலயக் கூட்டத்துக்குச் சமைக்கவென்று ஒருவர் சின்ன அடுப்பைத் தெரிவுசெய்து கவுண்டரில் வைத்திருந்தார். தட்டையான பெட்டி போன்றது, பர்னருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அறைக்குள் காஸ் டின் படுத்திருக்கும், உங்களுக்கும் பழகியிருக்கும். நான் பில் போடப்போனேன். அவள் பின்கதவால் தலையை நீட்டினாள்.

"பானை எங்க?" என்று அவரைக் கேட்டாள்.

"காரில்."

"காட்டு."

காரின் பின்பக்கத்தில் இருந்த பானைக்குள் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். அவள் என் கையைப் பிடித்துப் பானையின் அடியில் விரித்து வைத்தாள். இரண்டரைச் சாண். பிறகு அடுப்பில் விரித்து வைத்தாள். பானை தாங்கும் இடம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல்.

"மிச்சப் பானை எதுக்கு மேல இருக்கும், சிஸ்டர்?"

பார்த்தேன். காஸ் டின் படுத்திருக்கும் அறைக்கு மேல். பானையின் சூடு டின்னில் இறங்கினால் டின் வெடிக்கும். அதுவும் பெட்டியில் எழுதித்தான் இருந்தது. அந்த வரியை நான் பல தடவை விரலால் தொட்டும் காட்டியிருக்கிறேன். பானையைக் கண்ணால் காணும் வரை அது வெறும் வரியாகவே இருந்தது. அவருக்கு வளையப் பர்னரும், தள்ளி வைக்கும் பெரிய சிலிண்டரும் கொடுத்து அனுப்பினோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது. 'பானையின் அடி எவ்வளவு?' கையை விரித்துக் காட்டினால் ஆங்கிலம்கூடத் தேவையில்லை. எல்லோரும் தங்கள் கையை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கேள்வியில் எனக்குப் பெருமை வந்துவிட்டது. பெருமை வந்த பிறகு வேறு கேள்வி எதையும் நான் தேடவில்லை.

நான் சேர்ந்து வந்த இரண்டாவது தை மாதம். விடிந்தால் பொங்கல். பின்னேரம் கடை மூட முக்கால் மணி நேரம் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். வாசுகி என்று பெயர், மதுரைப் பக்கம், பிளாக்ஹவுஸ் பே என்ற கடலோரப் பகுதியில் வாடகை வீடு. என் நெற்றியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா தமிழா? அப்பாடா. ஒரு அடுப்பு வேணும்க்கா. நாளைக்குக் காலையில கடற்கரைப் பார்க்ல பொங்கல் வைக்கிறோம்."

"வீட்டில வைக்கேல்லையோ?"

"வீட்டுக்குள்ள புகை வந்தா அந்த அலாரம் கத்துது. வீட்டு ஓனர் வேற பக்கத்துலயே இருக்கார். போன வருஷம் பார்க்ல கல்லு கூட்டி விறகுலதான் வச்சோம். இங்க தை மாசம்தானே கோடை, அப்ப வெளிய நெருப்பு மூட்டக் கூடாதாமே, எங்களுக்குத் தெரியல. பார்க்கைப் பாக்குற ஆளு வந்து, ஸாரி ஸாரின்னு சொல்லிக்கிட்டே ஒரு வாளித் தண்ணியை ஊத்திட்டார். நல்ல மனுஷன்தான். ஆனா பால் இன்னும் ஒரு நிமிஷம் இருந்தா பொங்கியிருக்கும்க்கா."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் கணவர் ஊரில் பொறியியலாளர். இங்கே வந்தும் அந்த வேலை கிடைக்காமல், மனுரேவாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். போன வருடம் முழுக்க எழுதிப் போட்ட விண்ணப்பம் ஒன்றுக்கும் பதில் இல்லை. மாமியார் போன் எடுக்கும்போதெல்லாம், பொங்காத பானையை இறக்கினால் வருஷம் அப்படித்தான் போகும் என்கிறாராம்.

"எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்லைக்கா. ஆனா இந்த வருஷம் பொங்கணும். கேஸ்னா யாரும் வந்து தண்ணி ஊத்த மாட்டாங்கல்ல?"

"ஓம், காஸ் அடுப்புக்குத் தடை இல்லை. பானை எவ்வளவு?"

அவள் கையை விரித்தாள். சரியாக ஒரு சாண். நான் என் கையையும் அவள் கையோடு ஒட்டிப் பார்த்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. அந்தச் சின்ன அடுப்பையும் இரண்டு காஸ் டின்களையும் கொடுத்தேன். பின்னால் வரிசை நின்றது. அவள் கையசைத்துவிட்டுப் போனாள்.

கடை மூடும்போது அவள், நம் சிலிண்டர்காரி, கேட்டாள். "அந்தப் பெட்டை என்ன சமைக்கப் போறாள்? உன்னோட இவ்வளவு நேரம் ஒருத்தரும் கதைச்சு நான் காணேல்லை."

பொங்கலை ஆங்கிலத்தில் விளக்குவது எனக்கு மலை ஏறுவது போல. பானை, பால், அரிசி, சூரியன். பால் பொங்கி மேலே வரும், வெளியே வழிய வேண்டும், வழிந்தால் நல்லது.

அவள் கையில் இருந்த சாவிக்கொத்தைக் கீழே வைத்தாள்.

"வேணுமெண்டே வழிய விடுவீங்களா?"

"ஓம்."

"எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க?"

"ஓம். சத்தமும் போடுவம்."

"அடுப்பு என்ன செய்யும்?"

பிள்ளைகளே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பால் பொங்கி வழியும் என்பது எனக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரியும். அந்த அடுப்பில் தீ அணைந்தால் காஸ் தானாக நிற்காது என்பதும் தெரியும், அதுவும் பெட்டியில் எழுதியிருந்தது. பொங்கல் வீட்டுச் சங்கதியாக ஒரு மூலையிலும், அடுப்பு கடைச் சங்கதியாக இன்னொரு மூலையிலும் என் தலைக்குள் கிடந்தன. இரண்டையும் நான் ஒரே மேசையில் வைத்ததே இல்லை. பொங்கலைப் பற்றி ஒன்றுமே தெரியாதவள்தான் வைத்தாள்.

டெய்ரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடையில் ஒரு பெரிய போத்தல் பால் வாங்கி வந்தோம். கடைக்கு எதிரே, சிலிண்டர்களுக்கு எட்டாத தூரத்துப் புல்லில், அதே வகை அடுப்பை வைத்து, சின்னச் சட்டியில் பாலைக் கொதிக்க விட்டோம். மாலை வெயில் நன்றாக அடித்தது. வீதியால் போனவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பால் எழும்பியது, விளிம்பைத் தாண்டியது, பர்னரில் விழுந்தது. தீ போய்விட்டது. பிறகு மெல்லிய ஒரு இரைச்சல். அவள் உடனே மூடினாள். மூன்று தரம் செய்தோம். இரண்டு தரம் தீ முழுதாக அணைந்தது. ஒரு தரம் அரை வளையம் எரிந்துகொண்டே இருந்தது.

"அப்ப நாளைக்கும் சில வேளை ஒண்டும் நடக்காது" என்றேன்.

"சில வேளை. வழிஞ்ச பிறகு நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"கும்பிடுவம். கற்பூரம் கொளுத்துவம்."

அவள் அடுப்பைச் சுற்றியிருந்த புல்லைக் கையால் காட்டினாள். காஸ் காற்றைவிடப் பாரம், கீழேயே படுத்துக் கிடக்கும் என்று முதல் வாரமே எனக்குக் காட்டித்தந்தவள் அவள்தான். எல்லோரும் உற்சாகமாகச் சத்தம் போடும் நேரத்தில் அந்த இரைச்சலை யார் கேட்பார்கள்?

வாசுகியின் தொலைபேசி எண் எங்களிடம் இல்லை. பெயரும், பிளாக்ஹவுஸ் பே கடற்கரைப் பார்க் என்பதும் மட்டும். கைத்தொலைபேசி அப்போது எங்களில் எவரிடமும் கிடையாது. காலை ஆறரைக்குச் சிலிண்டர்காரி தன் வான் வண்டியைக் கொண்டுவந்து மனுரேவாவில் என் வீட்டு வாசலில் நிறுத்தினாள். பின்னால் வளையப் பர்னர், சிலிண்டர், நீளமான ரப்பர் குழாய்.

"உன்ர பிழையைத் திருத்த நீ வாறாய். நான் பால் வழியிறதைப் பாக்க வாறன்" என்றாள்.

அந்தக் கடற்கரைப் புல்வெளியில் மூன்று கார்களின் பின்கதவுகள் திறந்திருந்தன. கரும்புக்குப் பதிலாக எங்கேயோ வாங்கிய இரண்டு மூங்கில் கம்புகள். இருபது பேர் வரை நின்றார்கள். நீர்ப்பக்கமிருந்து காற்று வீசியது. காற்றுக்குத் தடுப்பாக அடுப்பைச் சுற்றி நாலு பக்கமும் ஐஸ் பெட்டிகளை, இங்கே சில்லி பின் என்பார்களே அவற்றை, நெருக்கி அடுக்கியிருந்தார்கள். அந்தச் சின்னக் கோட்டைக்குள் அடுப்பு. அடுப்பில் பானை. அடுப்புக்குப் பக்கத்திலேயே, காற்றில் அணையாமல் இருக்க, எரிகிற குத்துவிளக்கு.

கற்பூரத்தைத்தான் நாங்கள் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தோம். விளக்கை இருவருமே நினைக்கவில்லை.

வான் வண்டியில் வரும்போது என் திட்டம் சுலபமாக இருந்தது. பானையை இறக்கி, எங்கள் பர்னரில் வைக்க வேண்டும். கிட்டப் போய்ப் பானைக்குள் பார்த்தேன். பால் ஓரத்தில் நுரைகட்டத் தொடங்கியிருந்தது.

"அக்கா, நீங்களா? சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றாள் வாசுகி.

"வாசுகி, இந்த அடுப்பு சரிவராது. நான்தான் பிழையாத் தந்திட்டன். பால் வழிஞ்சால் தீ நூர்ந்து அணைஞ்சுபோம், காஸ் வரும். பானையை இறக்குவம்."

அவள் முகம் வெளுத்தது. "இப்பவாக்கா? ஒரு நிமிஷம்தான். இப்ப இறக்கினா..." முடிக்கவில்லை. அவள் கணவர், மெலிந்த மனிதர், பட்டு வேட்டியில் நின்றவர், "பரவாயில்லம்மா, இறக்கிடலாம்" என்று மெதுவாகச் சொன்னார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பானையைத்தான் பார்த்தாள்.

நிறைந்த பானை, கொதிக்கிற பால், சுற்றிலும் குனிந்து எட்டிப் பார்க்கும் பிள்ளைகள். தூக்கும்போது யாராவது இடறினால்? இறக்காமல் விட்டால்? நான் யோசித்தது மூன்று மூச்சு நேரம் இருக்கும். எது கெடுதல் என்று திரும்ப யோசித்தேன். பால் வழிவது கெடுதல் இல்லை. தீ நூர்வதும் கெடுதல் இல்லை. காஸ் வந்துகொண்டே இருப்பதும், அது தேங்க இடம் இருப்பதும், தேங்கிய இடத்தில் ஒரு தீ இருப்பதும்தான். பானையைத் தொடத் தேவையில்லை.

விளக்கைத் தூக்கினேன்.

முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, பூசை நடுவில் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "யாருங்க நீங்க? விளக்கை எங்க கொண்டு போறீங்க?" என்று ஒரு அம்மா என் பின்னாலேயே வந்தார். என் வாழ்நாளில் இருபது பேர் ஒன்றாக என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையைக் குவித்துச் சுடரை மறைத்துக்கொண்டு காற்று வரும் திசையில் நடந்து, தூரத்தில் நின்ற காரின் மறைவில் வைத்தேன். அணையவில்லை. "அம்மா, இதைப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் சொல்லும்வரை கற்பூரம் கொளுத்த வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் விளக்குக்குக் காவலாக நின்றுவிட்டார்.

திரும்பி வந்தபோது நம் சிலிண்டர்காரி, காற்று போகும் பக்கத்துப் பெட்டிகளை இழுத்து விலக்கி, காஸ் வெளியேற வழி விட்டிருந்தாள். பிள்ளைகளையும் அந்தப் பக்கமிருந்து விலக்கிவிட்டாள். நான் முழந்தாளிட்டு அடுப்பின் குமிழைப் பிடித்தேன். என் கண் குமிழில், காது பர்னரில்.

"ஏறுது, ஏறுது" என்றது ஒரு குழந்தை ஆங்கிலத்தில்.

"வாசுகி, நீங்கள் பானையைப் பாருங்கோ. அடுப்பை நான் பாக்கிறன்."

பிறகு எல்லோரும் கத்தினார்கள். "பொங்கலோ பொங்கல்." வழிந்த பால் பட்டு என் மணிக்கட்டில் சுரீரென்றது. தீ நூர்ந்த சத்தமோ இரைச்சலோ ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கூச்சலில் கேட்டிருக்கவே முடியாது. சுட்டதை அடையாளமாக வைத்துத்தான் குமிழை மூடினேன். குனிந்து மணந்து பார்த்தேன். சாடையாகக் காஸ் மணம், பிறகு காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. எழுந்தபோது நம் தொங்காக்காரியும் மற்றவர்களோடு சேர்ந்து, வாயில் வந்தபடி ஏதோ கத்திக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் பொறுத்து, பானையை வளையப் பர்னருக்கு மாற்றி அரிசி போட்டோம். விளக்கு தன் இடத்துக்கு வந்தது. கற்பூரமும் எரிந்தது. வாசுகி என் கையில் தயிர் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நீங்கதான் கிட்ட இருந்தீங்க. எந்தப் பக்கம் வழிஞ்சது? நான் கண்ணை மூடிட்டேன்."

"நான் குமிழைத்தான் பாத்தனான்."

அவள் கணவர் கிழக்கு என்றார். விளக்குக்குக் காவல் நின்ற அம்மா, தான் பார்க்கவே இல்லை என்றாலும் வடக்கு என்றார். இந்த நாட்டில் மத்தியானச் சூரியன் வடக்கே நிற்பதால் வடக்கும் கிழக்கும் ஒன்றுதான் என்று இன்னொருவர் தீர்ப்புச் சொன்னார். திசையில் என்ன இருக்கிறது என்று நம் தொங்காக்காரி ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு மூன்று தட்டுப் பொங்கல் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு கவுண்டரில் என்னிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. பானையின் அடி எவ்வளவு என்பது ஒன்று. 'நீங்கள் சமைக்கிறதை முதலில் இருந்து கடைசி வரை எனக்குச் சொல்லுங்கோ' என்பது மற்றது. அது கேள்விகூட இல்லை. அதைக் கேட்டு எவரும் கோபித்ததில்லை. மழை வந்தால் அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்து வைப்போம் என்று தாமாகவே சொல்வார்கள். ஆபத்து பெரும்பாலும் அந்த மாதிரி இடத்தில், அவர்களுக்கு மிகவும் பழகிப்போன ஒரு செயலில்தான் இருக்கும். நம் ஆட்கள் வந்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். தெரிந்ததுதானே என்று நாம் கேட்காமல் விடுவது நம் ஆட்களிடம்தான்.

வாசுகியின் கணவருக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, அந்த வருடம் குளிர்காலத்தில். அதற்கும் பானைக்கும் என்ன தொடர்பு என்று எனக்குத் தெரியாது. வாசுகிக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அடுத்த தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே கடைக்கு வந்து, பெரிய பர்னரை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சின்ன அடுப்பை அவள் திருப்பித் தந்துவிட்டாள். பின்முற்றத்துக் கதவுக்குப் பக்கத்து அலுமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. கழுவ வேண்டாம் என்று நான்தான் சொல்லிவைத்தேன். இறக்கிப் பாருங்கள். பால் காய்ந்து கறுத்த கோடு ஒன்று பர்னரிலிருந்து நேரே குமிழுக்கு வந்திருக்கும். அன்று அந்தப் பக்கம் கிழக்கா வடக்கா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தப் பக்கத்தில் நான் இருந்தேன்.